நாட்காட்டித் தாளுக்குப் பேசிய தொகுப்புரை

இதை வாசிக்கிறவரே, உங்களை நடுவர் நாற்காலியில் அமர்த்த நான் அழைக்கவில்லை. நடுவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பலர் முடிவை மனத்துக்குள் எழுதிவைத்துக்கொண்டுதான் கேட்கவே தொடங்குகிறார்கள். எனக்கு வேண்டியது ஒரு சாட்சி. ஒரு பௌர்ணமி மாலையில் நான் பேசினேன், தொடங்கியதை முடிக்கும்வரை ஒரு சொல்லும் இடறாமல் பேசினேன் என்பதற்கு இன்றுவரை இந்த உலகத்தில் ஒருவரும் சாட்சி இல்லை. ஆகவே நீங்கள் வாருங்கள். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் காலை உணவுக்கு வந்து உட்காரும் சிறிய கஃபே ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் ஒற்றை அறை. அங்கே என்னோடு கொஞ்ச நேரம் இருங்கள்.

அறையில் ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு நாற்காலி. மற்ற இடமெல்லாம் நான் வென்ற கேடயங்கள். அலமாரியில் அடுக்க இடமில்லாமல் சிலவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். பார்க்க யாரும் வருவதில்லை என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கல்லூரி முடித்தபின் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் பேச்சுப் பயிற்சி அளிப்பதே என் தொழில். பிள்ளைகள் போனுக்குள் இருந்தார்கள். அவர்களுடைய பெற்றோரும், செங்கத்துக்கு அப்பால் ஊரில் இருக்கும் என் வீட்டாரும் அதே போனுக்குள்தான் இருந்தார்கள். கீழே இறங்கி "ஒரு டீ" என்று சொல்வதைத் தவிர, நேருக்கு நேர் ஒரு மனிதரோடு நான் பேசாத நாட்கள் உண்டு. அந்த "ஒரு டீ"யைக்கூட நான் அடிவயிற்றிலிருந்து சொல்வதாகக் கஃபே முதலாளி சிரிப்பார்.

போனுக்குள் இருந்தவர்களில் முதன்மையானவன் என் நண்பன். நான் தங்கியிருக்கும் இந்த ஊரின் கடைத்தெருவில் தலைமுறைகளாகக் கோரைப்பாய்க் கடை நடத்தும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் எங்கள் அணியில் நாங்கள் இருவர்தான். நான் வாதத்தைத் திறப்பேன். அவன் எதிரணியின் கருத்துகளையெல்லாம் திரட்டி, பதில் சொல்லி, தொகுப்புரையாற்றி முடிப்பான். பிறகு அவனுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஷிப்ட் மாறி மாறி வரும் வேலை. நேரில் மேடையேறுவது நின்றது. இணையவழிப் போட்டிகள் மட்டும் எங்களை ஓர் அணியாக வைத்திருந்தன.

எங்களுக்குள் ஒரு பழைய கேலி உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டாம் ஆண்டில் ஒரு போட்டியில், என் வாக்கியம் பாதியில் இருக்கும்போதே நடுவர் மணியடித்தார். எழுவாய் சொல்லியாயிற்று, பயனிலை இன்னும் வரவில்லை. நான் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கி நடந்துவிட்டேன். இன்று கேட்டாலும் அது சரி என்றே சொல்வேன். அன்றிலிருந்து எந்த மேடையிலும் அவன் நடுவரிடம் போய்ச் சொல்வான்: "சார், இவனுக்கு மட்டும் மணியடிக்காதீங்க. ஸ்கூல் வுட்ட மாதிரி பையத் தூக்கிட்டுக் கெளம்பிடுவான்."

கடந்த ஆண்டு, வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு விவாதத் தொடரில் நாங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தோம். நட்பைக் காப்பது விட்டுக்கொடுத்தலா, இடித்துரைத்தலா என்பது தலைப்பு. எங்களுக்கு இடித்துரைத்தல் பக்கம் வந்தது. போட்டிக்குச் சில நாட்கள் முன்பு நான் அவனை அழைத்தேன்.

"இந்தத் தடவ தொகுப்புரை நான் பண்றேன்டா."

"ஏன், என் தொகுப்புரைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கும். நான் பண்ணா இன்னும் நல்லா இருக்கும்."

"அடேங்கப்பா. காது குளுந்துபோச்சு." பிறகு சொன்னான்: "டேய், எனக்கு இதுதான் கடைசி. பெர்மனென்ட் பண்றாங்க. அதுக்கப்பறம் லீவுங்கறது கனவுலதான். இந்த ஒரு நாளைக்கே சூப்பர்வைசர்கிட்ட ஜாஸ்தி கெஞ்சி வாங்கியிருக்கேன்."

"கடைசின்னா ஜெயிக்கணும் இல்ல? அதுக்குத்தான் சொல்றேன்."

"சரி, நீயே முடி. ஆனா மணியடிச்சா பையத் தூக்கிட்டுக் கெளம்பிடாத."

விட்டுக்கொடுத்தலுக்கு எதிராகப் பேச வேண்டிய அணியில் அவன் விட்டுக்கொடுத்தான். அதை நான் அப்போது ஒரு வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

என் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பழகிய மேடை மரபில், பேச்சாளன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கமாட்டான். "கேக்குதா?" என்று அவையைக் கேட்கமாட்டான்; அது மைக்செட்காரர் கேட்க வேண்டிய கேள்வி. எந்த முகத்தையும் பார்க்காமல், கடைசி வரிசைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியைப் பார்த்துப் பேச வேண்டும். அவை இருமினால், நாற்காலி கிறீச்சிட்டால் பேச்சு தளர்கிறது என்று பொருள். அவை அசையாமல் அமைதியாக இருந்தால் அது பேச்சாளனின் கைக்குள் வந்துவிட்டது. இப்படித்தான் நான் வளர்ந்தேன். இப்படித்தான் பிள்ளைகளையும் வளர்க்கிறேன்.

இணையவழிப் போட்டிகளில் எனக்குப் பெரிய இடையூறு திரையில் தெரியும் என் சொந்த முகம். அதையும், கட்டம் கட்டமாக அமர்ந்திருக்கும் மற்ற முகங்களையும் மறைக்க ஒரு வழி வைத்திருந்தேன். தினசரி நாட்காட்டியில் கிழித்த பழைய தாள் ஒன்றை, கேமரா மட்டும் தெரியும்படி, போன் திரையின் மேல் ஒட்டிவிடுவேன். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் காலாவதியான முந்தைய நாளின் தாள். அதன் மேல் விளிம்புக்குச் சற்று மேலே பார்த்துப் பேசுவேன். போன் அலமாரியில், கேடயங்களுக்கு நடுவே, ஒரு கேடயத்தைப் போலவே நிற்கும்.

இறுதிச் சுற்று பௌர்ணமியன்று மாலை. மதியத்திலிருந்தே சாலையில் கிரிவலக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. கஃபேக்கு எதிரே இருந்த கம்பத்தில், அதற்குச் சில நாட்கள் முன்புதான் என் மொபைல் கம்பெனியின் ஆட்கள் ஏணி வைத்து ஏறி, வெள்ளை டப்பா ஒன்றைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். பாதை நெடுக அப்படிப் பல கம்பங்களில் இருந்தன. அதில் எரிந்த பச்சை விளக்கை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. நான் எப்போதும் பயன்படுத்துவது கஃபே முதலாளியின் வைஃபை, வாடகையோடு சேர்ந்தது, ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

நண்பன் வாதத்தைத் திறந்தான். நன்றாகவே திறந்தான். எதிரணி பேசியது. நடுவர் என்னை அழைத்தார். நாட்காட்டித் தாளை ஒட்டினேன், நிமிர்ந்து நின்றேன், தொடங்கினேன்.

சாட்சியே, இந்த இடத்தைக் கவனியுங்கள். முதல் பகுதியில் எதிரணியினர் ஒருவர் சிரித்தது எனக்குக் கேட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு, நான் இரண்டாவது வாதத்துக்குள் நுழைந்தபோது, நடுவர் மணியடித்தார். நேரம் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது எச்சரிக்கை மணிதான். கிளம்பிவிடாதே என்று அவன் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. நான் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தாமல், அந்த மணியை ஒரு காற்புள்ளியைப் போலக் கடந்து போனேன். உடனே அவை அடங்கியது. சிரிப்பில்லை, இருமலில்லை, மூச்சுகூட இல்லை. என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட அமைதி எந்த அவையிலும் வாய்த்ததில்லை. அதன் மேல் நான் நடந்தேன். நண்பனை இடித்துரைக்கத் தயங்குகிறவன் உண்மையில் தன்னைத்தான் காத்துக்கொள்கிறான் என்ற இடத்தில் என் குரல் தானாகவே தழுதழுத்தது. முடித்து, கைகூப்பி, தலை தாழ்த்தி நின்றேன். கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

வெளியே சாலையில் ஆயிரம் கால்கள் நடக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தாளை உரித்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மீண்டும் இணைய முயல்வதாக ஒரு வரி. மேல் மூலையில் வைஃபை குறி முழுதாக நிறைந்திருந்தது. அதன் பெயரைப் பார்த்தேன். கஃபே முதலாளி வைத்த பெயர் அங்கே இல்லை. எதிர்க் கம்பத்தில் டப்பா பொருத்திய என் மொபைல் கம்பெனியின் பெயர் இருந்தது.

மறுபடி உள்ளே நுழைய முடிந்தபோது எல்லாம் கலைந்திருந்தது. எதிரணிக்கு வாழ்த்துச் சொல்லி ஏற்பாட்டாளர்கள் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். நான் "விலகியபின்" நண்பனே தயாரிப்பின்றிச் சில வார்த்தை பேசி முடித்ததாகவும், அவனுடைய பெருந்தன்மையைப் பாராட்டுவதாகவும் அதில் இருந்தது. விலகியபின். அந்தச் சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய திரையில் நடந்தது எனக்குப் புரிந்தது. மணி அடித்தது, அந்த நொடியில் என் கட்டம் காணாமல் போனது; நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

சற்று நேரத்தில் அவனே அழைத்தான். எடுத்து, "நான்தான்" என்றேன். எதிர்முனையில் ஒன்றுமில்லை. அவன் கோபத்தை நான் அறிவேன். கோபம் வந்தால் அவன் கத்துகிறவன் இல்லை, அடங்கிவிடுகிறவன். அவனே முதலில் பேசட்டும் என்று நானும் காத்திருந்தேன். அழைப்பு துண்டானது. மறுநாள் நான் அழைத்தேன். எடுத்தான். மௌனம். இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசாமல் போனைக் காதில் வைத்திருந்தோம். பிறகு ஒருமுறை முயன்றேன், அதே மௌனம். அதற்குப் பிறகு அவன் எடுப்பதையே நிறுத்திவிட்டான். நடந்ததை எழுதி அனுப்ப விரல் போனது. மேடைப் பேச்சாளன் தன் பக்க நியாயத்தைக் கெஞ்சி டைப் செய்வதா என்று நிறுத்திக்கொண்டேன்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்ல என்னிடம் நல்ல சொற்கள் இல்லை. அது எனக்கு அடிக்கடி நேர்வதில்லை. பிள்ளைகளின் வகுப்புகள் நின்று நின்று நடந்தன. கூட்டம் போய், சாலை காலியானபின்னும் கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வைஃபையை அணைத்தால் என் அறையில் மொபைல் சிக்னல் ஒற்றைக் கோடாக வந்து வந்து போகும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், நான் தொடாமலே வைஃபை மறுபடி விழித்து, கம்பெனியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குறி எப்போதும் முழுதாக இருந்தது; அதன் வழியாகத்தான் எதுவும் ஒழுங்காகப் போகவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் துணி உலர்த்தும்போது எனக்கு வணக்கம் வைப்பார். நானும் வைப்பேன். அன்றைய உரையாடல் அத்தோடு முடியும்.

போனின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். கஃபேயின் வைஃபை, கல்லூரி வைஃபை, எப்போதோ தங்கிய ஒரு லாட்ஜின் வைஃபை என்று எல்லாப் பெயர்களுக்கும் பக்கத்தில் நீக்குவதற்கு ஓர் இடம் இருந்தது. கம்பெனியின் பெயருக்கு மட்டும் இல்லை. தானாக இணைவதை நிறுத்தலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது, நிறுத்தினேன், போனை அணைத்துப் போட்டதும் அது பழையபடி திரும்பிவிட்டது. என் போன் யாரோடு சேர வேண்டும் என்பதை வேறு யாரோ, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எங்கேயோ உட்கார்ந்து முடிவுசெய்து சிம்முக்குள் எழுதிவைத்திருந்தார்கள்.

ஊருக்குள் கம்பெனியின் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த இளம்பெண் என்னை அமரச் சொன்னார்.

"அது ஃப்ரீ வைஃபை சார். நம்ம சிம் போட்டிருந்தா ஆட்டோமேட்டிக்கா கனெக்ட் ஆயிடும்."

"எனக்கு வேண்டாங்க."

"நல்லதுதானே சார்? டேட்டா மிச்சம். சிக்னல் கம்மியா இருந்தாக்கூடக் கால் எல்லாம் அதுலயே போயிடும்."

"வேண்டாம்னு சொல்றதுக்கு என்ன வழி?"

அவர் திரையைப் பார்த்தார். பக்கத்துக் கவுன்டர்காரரைப் பார்த்தார். "வேண்டாம்னு யாரும் கேட்டதில்ல சார்" என்றார்.

அவ்வளவுதான். எத்தனையோ நாட்களாக அடைபட்டுக் கிடந்தது திறந்துகொண்டது. எழுந்து நின்று பேசினேன். விருந்துக்கு அழைப்பது வேறு, கையைப் பிடித்து இழுத்து இலை முன் உட்காரவைப்பது வேறு என்றேன். இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் சம்மதம் என்ற சொல் எப்படிக் காணாமல் போகிறது என்றேன். கவுன்டர் பெண் கண்ணிமைக்காமல் கேட்டார். என் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தோளைத் தொட்டார்.

"தம்பி, நல்லாத்தான் பேசறீங்க. மீட்டிங்க வெளிய வெச்சுக்கினா நான் என் சிம்ம மாத்திக்குவேன்."

கடையே சிரித்தது. நான் இறங்கி வந்தேன். வெட்கம்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. பல நாட்களுக்குப் பிறகு ஓர் அவை எனக்குப் பதில் சொல்லியிருந்தது.

அங்கிருந்து கடைத்தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். நண்பனின் பாய்க்கடை வாசலில் அவனுடைய அம்மா அமர்ந்திருந்தார். பார்க்காததுபோலப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"வா கண்ணு. என்னா, கடையத் தாண்டிப் போற? ரெண்டு பேருக்கும் என்னாதான் சண்ட?"

"சண்டையெல்லாம் இல்லம்மா."

"அப்பறம் ஏன் அவனுக்குப் போனப் போட்டுட்டு வாயத் தொறக்க மாட்டேன்ற? எடுத்து அலோ அலோன்னு கத்தறானாம். நீ மூச்சு வுடற சத்தம்கூட இல்லியாம். 'எங்கிட்டயே மேடை காட்றான்மா, தோத்துப்போனதுக்கு நான்தான் காரணமாம்'னு பொலம்பறான்."

"நான் பேசலையா? அவன்தாம்மா பேசல!"

"அவனா? நீ எடுத்த அன்னிக்கு நான் இங்கருந்து கான்பரன்ஸ்ல இருந்தேன் கண்ணு. அவன் கத்தனதுல என் காதே அடைச்சுக்கிச்சு. நீதான் கல்லு மாதிரி இருந்த."

நான் அடுக்கிவைத்திருந்த பாய்ச்சுருள்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் எல்லாம் அதுலயே போயிடும் என்று கவுன்டர் பெண் பெருமையாகச் சொன்னது மறுபடி காதில் ஒலித்தது. அதே டப்பா. அழைப்பு மணி மட்டும் அதைக் கடந்து போயிருக்கிறது, குரல் போகவில்லை. அவன் அங்கே கத்தியிருக்கிறான்; நான் இங்கே கம்பீரமாகக் காத்திருந்திருக்கிறேன். "கேக்குதா?" என்ற ஒரு சொல்லை, மைக்செட்காரருக்கு உரியது என்று நான் ஒதுக்கிவைத்த அந்தச் சொல்லை, நான் ஒருமுறைகூட உரக்கக் கேட்கவில்லை. எந்தக் கோபத்திலும் அதற்கு அவன் பதில் சொல்லியிருப்பான்; கேட்டும் பதில் வராமல் போயிருந்தால், பழுது போனில்தான் என்று அன்றே தெரிந்திருக்கும்.

"இப்ப ஷிப்ட்ல இருப்பான்" என்றார் அம்மா. "பொழுது சாயறப்ப டீக்கு வெளிய வுடுவாங்க. என் நம்பர்லருந்து போடட்டா?"

"வேணாம்மா. என் போன்லருந்தே போடறேன். அவன எடுக்க மட்டும் சொல்லுங்க."

டப்பா இல்லாத இடம் தேடி நடந்தேன். கிரிவலப் பாதையில் கம்பத்துக்குக் கம்பம் பார்த்துக்கொண்டே போனேன். வைஃபை குறி மங்கும், அடுத்த கம்பத்தில் மறுபடி நிறையும். அடி அண்ணாமலையில் கடைகள் முடிந்து, ஒரு பக்கம் கரும்பு நின்ற இடத்தில் குறி அணைந்தது. கொஞ்ச தூரம் மேலும் நடந்து, அது திரும்பவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். மலை அங்கிருந்து வேறு வடிவத்தில் தெரிந்தது. பௌர்ணமியில் நிற்க இடமில்லாத அந்தச் சாலையில், வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஒரு பெண்ணைத் தவிர யாரும் இல்லை.

அழைத்தேன். எடுத்தான். மௌனம்.

இந்த மௌனம் அவனுடையதா, டப்பாவுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. 

"கேக்குதாடா?" என்றேன். "டேய், கேக்குதா?"

பின்னணியில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். டம்ளர்கள் மோதும் சத்தம்.

"கேக்குது" என்றான். "மெதுவா பேசு. காது போவுது."

எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை தவறி, முன்னும் பின்னுமாக, பயிற்சி பெறாதவனைப் போலச் சொன்னேன். அவன் குறுக்கிடவில்லை. முடித்ததும் கேட்டான்:

"அப்ப அன்னிக்கு முழுசா பேசி முடிச்சியா?"

"முழுசா."

"மணியடிச்சப்பறமும்?"

"மணியடிச்சப்பறமும்."

"யார்கிட்டடா?"

"நாட்காட்டித் தாள்கிட்ட."

அவன் சிரித்தான். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தான். "நல்லா இருந்துச்சா?"

"இதுவரைக்கும் நான் பேசினதுலயே அதுதான்டா ஒசத்தி."

"இருக்கும், இருக்கும். எதிர்த்துப் பேச ஆளே இல்லியே." பிறகு குரல் தாழ்ந்தது. "கோவம் போச்சுடா. ஆனா இனிமே நான் வரல. பெர்மனென்ட் ஆர்டர் வந்துடுச்சு. மூணு ஷிப்ட்டு. நீ தனியாத்தான் பேசணும். தொகுப்புரையும் நீயே வெச்சுக்கோ."

அங்கே ஒரு மணி அடித்தது. தொழிற்சாலை மணி. "மணியடிச்சிட்டாங்க" என்றான். "நான் பையத் தூக்கிட்டுக் கெளம்பறேன்." வைத்துவிட்டான்.

நான் சாலையோரத்தில் நின்றேன். திரையில் வைஃபை குறி இல்லை; அவனும் இல்லை. இனி எந்த மேடையிலும் எனக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதில் இருந்தவன், 'கேக்குதா' என்று நான் கேட்டதற்குப் பதில் சொன்னான். அது மட்டும் என் கையில் மிஞ்சியது.

அப்போது ஒரு முடிவை வாய்விட்டுச் சொன்னேன். மேடையில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று, கரும்புக்கு மேலே ஒரு புள்ளியைப் பார்க்காமல், வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு இருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் திகைத்து, தலையில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார்.

"இனிமே எங்க பேச நின்னாலும், முதல்ல கேக்குதான்னு கேப்பேன். கேக்குதுன்னு யாராவது ஒருத்தர் சொல்ற வரைக்கும் அடுத்த வார்த்த பேச மாட்டேன்."